ஒன்றரை

கடற்கரையில் அவனுக்கு 'ஒன்றரை' என்று பெயர். தொழில் தச்சு. நாலு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் இழைப்பு மெஷின் ஒரு பலகையோடு சேர்த்து அவனுடைய வலது கை நடுவிரலிலும் பாதியை இழைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மச்சான் அடித்துப் பிடித்து ஓடிவந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இனிமே ரெண்டுன்னு எப்படிடா காட்டுவே?"

கேட்டது நியாயம்தான். இருவரும் மணல் வாலிபாலில் ஜோடி.

ஆதியில் மணலிலும் இது ஆறு பேர் ஆட்டமாகத்தான் இருந்ததாம். ஏதோ ஒரு தூரதேசத்துக் கடற்கரையில் ஒரு நாள் ஆள் சேரவில்லை. காத்துக் காத்து அலுத்துப்போய், வந்தவர்கள் இரண்டு இரண்டு பேராக ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அது ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போய்விட்டது. இது மச்சான் சொல்லும் சரித்திரம். "அன்னைக்கு வராம வீட்டுல தூங்கினான் பாரு, அவனுக்குத்தான் மாப்ளே சிலை வைக்கணும்" என்று முடிப்பான்.

பக்கத்துக்கு எட்டுக்கு எட்டு மீட்டர் மணல், அதில் இரண்டே பேர். களைத்தால் இறக்க மாற்று ஆள் கிடையாது. வெளியிலிருந்து பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. இருவரும் முறைத்துக்கொண்டால் சமாதானம் செய்யவும் ஆள் இல்லை. கல்யாணத்தில்கூட அதற்கு ஒரு மாமனார் இருப்பார்.

தச்சன் அங்கே ஆட வந்தவன் அல்ல. வலை கட்டும் மரக்கம்பம் உளுத்துப்போய், புதுசு நட வந்தவன். நட்டுவிட்டுப் பார்த்தான், அன்றைக்கும் ஓர் ஆள் குறைந்தது, நின்றுவிட்டான். முதல் மாதம் முழுக்க விழுந்தான். தரையில் குதித்தால் தரை உன்னைத் திருப்பித் தூக்கும். மணல் அப்படியில்லை, வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. ஆனால் சர்வீஸை எடுப்பது அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இரண்டு முன்கைகளும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது, பந்து போக வேண்டிய திசைக்குப் பலகை சாய வேண்டும். ஒட்டுப்பலகையில் சந்து விட்டால் என்ன ஆகும் என்று தச்சனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்பத்தோடு நிற்காமல் ஒரு ஸ்கோர் போர்டும் செய்து கொடுத்தான். முழம் உயரத்துக்குப் புரட்டுகிற எண்கள், கறுப்பில் வெள்ளை. எல்லாம் சரி, ஒன்பது மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவள் அந்த எண்களைப் புரட்டிக்கொண்டிருந்த மச்சானின் தங்கை ஒருத்திதான். மருந்துக்கடையில் வேலை, கண்ணில் எதுவும் தப்பாது. "ஒம்போது ஏன் தூங்கி விழுது?" என்று கேட்டாள். மறுவருடம் அவனைக் கட்டிக்கொண்டாள். கூட்டாளி மச்சான் ஆனது அப்படித்தான்.

ஆட்டத்தில் மச்சான் பின்கோட்டிலிருந்து சர்வீஸ் போடுவான். தச்சன் வலையோரம் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கட்டிச் சைகை காட்டுவான். இடது கை எதிரணியின் இடப்பக்கத்து ஆளுக்கு, வலது கை வலப்பக்கத்து ஆளுக்கு. ஒரு விரல் நீட்டினால், ஓரக்கோட்டு அடியை நான் மறிக்கிறேன், குறுக்கே வருவது உன் பாடு. இரண்டு விரல் என்றால் தலைகீழ். பாதி விரல் போனபிறகு வலது கையின் இரண்டு, ஒன்றரை ஆனது. பெயரும் ஆனது.

சிரிப்பாகத்தான் இருந்தது, தோற்காதவரை. இந்த வருடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். தச்சன் குறுக்கை மறிப்பான். மச்சானும் குறுக்கிலேயே போய் நிற்பான். பந்து காலியான ஓரக்கோட்டில் விழுந்து மணலை வாரித் தெளிக்கும்.

வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால் மச்சான் பட்டறைக்கு வந்தான். லிப்ட் ரிப்பேர் பார்ப்பவன். சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி. ஒரு கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டான்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதே. பல் டாக்டரோட ஜோடி வேற ஊருக்குப் போறாராம். அடுத்த வருஷத்துக்கு என்னைக் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை அவங்களத்தானே எதிர்த்து ஆடறோம். ஜெயிச்சா பேச்சே இல்ல. தோத்துட்டா... உன்மேல குத்தம் இல்லடா. விரல் அப்படி."

பன்னிரண்டு வருட ஜோடி. தச்சன் உளியை எடுத்தான், வைத்தான். "சாயாதே, அது இன்னும் காயல" என்றான்.

வீட்டில் சொன்னபோது மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எங்கண்ணனுக்கு உங்க விரல் கோணலா?" என்றாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. முதல் செட் இவர்களுக்கு, இரண்டாவது டாக்டருக்கு. மூன்றாவது செட் பதினைந்து புள்ளிதான், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். பல் டாக்டர் வலைக்கு அந்தப்பக்கம் ஆறடி இரண்டங்குலம். வாயைத் திற என்பது போலத்தான் பந்தை அடிப்பார். மச்சான் இரண்டு முறை தப்பான பக்கம் ஓடினான். ஒன்பதுக்கு ஆறு, டாக்டர் முன்னால். காற்றும் வெயிலும் இருவருக்கும் பொதுவாக வேண்டும் என்பதால் ஐந்து புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். மாற நடந்தார்கள்.

"பாத்தியா? விரல்!" என்றான் மச்சான், மூச்சு வாங்க.

கடைசித் தப்பு இடது கைச் சைகையில் நடந்தது என்பது தச்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கையில் ஐந்து விரலும் முழுசு.

"ஸ்கோர் என்ன மாப்ளே?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். புள்ளிக்கு ஒருமுறை கேட்பான். வாய் சும்மா இருக்காத சுபாவம் என்று விட்டுவிடுவார்கள். தச்சன் நிமிர்ந்தான். முப்பதடியில் அவன் கையால் செய்த போர்டு. முழம் உயர எண்கள். அதற்குப் பின்னால் மனைவி. ஸ்கோர் போடுகிறவள் பேசக் கூடாது. பேசவில்லை. ஆனால் அண்ணனைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

திருப்புளிக்கு எட்டுகிற தூரத்தில் மச்சானுக்கு எல்லாம் தெரியும். பந்து பெரிசு, அதுவும் தெரியும். விரல்?

சொல்லியிருக்கலாம். டாக்டர் காதில் விழும்படி சொல்லியிருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்: குருட்டு ஜோடியை யார் கேட்பார்கள்? தச்சனுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அங்கே மணல்தான் இருந்தது. துப்பினான்.

"ஒம்போது ஆறு. பிந்திட்டோம். மச்சான், விரல் வேணாம். ஓரக்கோடுன்னா கையை மூடறேன். குறுக்குன்னா அஞ்சையும் விரிக்கிறேன்."

"உனக்கு நாலரைதானே?"

"நாலரையே விரிக்கிறேன். போய் நில்லு."

மூடின கை, விரித்த கை. தூரத்திலிருந்து பார்த்தாலும் ஒன்று உருண்டை, ஒன்று முறம். மச்சான் இரண்டு பந்துகளை இருக்க வேண்டிய இடத்தில் இருந்து எடுத்தான். மூன்றாவதைத் தச்சன் வலைமேல் அப்படியே மறித்து இறக்கினான். பதினாலுக்குப் பதினாலில் டாக்டர் ஏமாற்றிப் பார்த்தார்: குதித்தவர் அடிக்கவில்லை, மடக்கிய விரல் முட்டியால் பந்தைக் காலி மூலைக்கு மெல்லத் தள்ளினார். மணலில் விரல் நுனியால் தள்ளினால் தப்பு, முட்டியால் தள்ளலாம். மச்சான் நீட்டிப் படுத்து எடுத்தான். தச்சன் முன்கையால் தூக்கினான். எழுந்த வேகத்தில் மச்சானே அடித்தான். அடுத்த புள்ளி டாக்டரின் பந்து வெளியே. பதினாறு பதினாலு.

டாக்டர் கைகொடுத்தார். "அடுத்த வருஷம் யோசிச்சீங்களா?"

"எங்கங்க டாக்டர்," என்றான் மச்சான் பெருமையாக. "இவன் கையைப் படிக்க என்னை விட்டா ஆள் ஏது?"

தச்சன் செருமினான். மனைவி எண்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம் மச்சான் ஒரு கண்ணாடியோடு வந்தான். கறுப்பு, பின்னால் எலாஸ்டிக். "வெயிலுக்கு" என்றான், யாரும் கேட்காமலே. மருந்துக்கடைக்கு அடுத்த கதவு கண்ணாடிக்கடைதான் என்று தச்சனுக்குத் தெரியும். எந்தத் தங்கை இழுத்துக்கொண்டு போனாள் என்றும் தெரியும். ஆட்டம் நடந்தது. ஒருமுறைகூட மச்சான் ஸ்கோர் கேட்கவில்லை. பக்கம் மாறும்போது அவனாகவே சொன்னான்:

"பன்னெண்டு ஒம்போது, நாமதான் முன்னால." பிறகு நின்றான். போர்டை உற்றுப் பார்த்தான்.

"ஏன் மாப்ளே, அந்த ஒம்போது கோணலா இருக்கு?"