வழுக்காத பரிசலில் சத்துவாச்சாரிக்கு

காலை 5.10, ஆம்பூர். குட்டி யானை வண்டியில் பரிசலைச் சாய்த்து நிறுத்திக் கயிறு கட்டி முடித்தோம். தெருவில் பால்காரர் மட்டும்தான் நடமாடினார். தன் வண்டியை நிறுத்தி, இது இன்னா என்று கேட்டார். படகு என்றேன். எங்கே போகிறது என்றார். வேலூருக்கு, ஆற்று வழியாக என்றேன். அவர் என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் தேவாவைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பாலாறு என்பது பெரும்பாலான நாட்களில் மணல். அதில் பைக் ஓட்டுவோம், கிரிக்கெட் ஆடுவோம், மாடு மேய்ப்போம். தண்ணீர் வந்தால் பாலத்தின் மேல் குடும்பத்தோடு போய் நின்று பார்ப்போம், போட்டோ எடுப்போம், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். அதில் படகு விடலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. காரணம் என் அக்கா வசந்தா.

அக்கா வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறாள். ஆற்றங்கரையிலிருந்து இரண்டாவது தெரு, மாடி வீடு. மாமா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் தெருமுனைக் கடையைத் தாண்டிப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள். ஆம்பூருக்கு வந்து நாலு நாள் இரு என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பாள். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை. இந்தக் கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது போனில் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீர் ஓடுகிறதே, போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். எதுக்கு என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் படகில் வந்து உன் வீட்டுப் பின்னால் இறங்குகிறேன், அப்போது வருவாயா என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. “நீ எதத்தான் ஒழுங்கா முடிச்ச, குமுதா? ஊட்டிக்குப் போறேன்னு டிக்கெட் வாங்கினு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனவ நீ. படகுல வா பாக்கலாம். நீ படகுல வந்தா நான் ஆத்துக்கு வர்றேன்.”

ஊட்டி விஷயம் உண்மைதான். தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் நடக்காது என்று சொல்ல வேண்டுமென்றால், குமுதா ஊட்டிக்குப் போன மாதிரி என்பார்கள். ஆனால் அக்கா வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இதை விட்டால் அவளை வீட்டைவிட்டுக் கிளப்ப வேறு வழி கிடையாது என்று எனக்குப் பட்டது.

மறுநாள் வேலைக்குப் போனதும் ஷமீமிடம் சொன்னேன். நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவு. ஷமீம் அடிப்பாகம் ஒட்டும் பிரிவு. பதினாறு வருடமாக ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரு அட்டையில் பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். குடியாத்தம் ரோட்டில் கூடை முடைகிறவரிடம் ஆறரை அடி விட்டத்தில் மூங்கில் தட்டு முடைய வைத்தோம். முறம் கேட்டு வருகிறவர்களையே பார்த்தவர், இவ்வளவு பெரிய முறத்தில் என்ன புடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அதன் வெளிப்பக்கம் இரண்டு மடிப்புத் தார்ப்பாய். அதற்கும் மேலே, மணல் உரசிக் கிழித்துவிடக் கூடாது என்று, ஷமீம் கழிவு விலைக்கு வாங்கிய ரப்பர் ஷீட்டை அடிப்பாகம் முழுக்க ஒட்டினாள். இரண்டு பூச்சுப் பசை, நடுவில் காயவிடல், சுத்தியலால் தட்டல், எல்லாம் கம்பெனி முறைப்படி. ஒரு குமிழி கிடையாது. அவளுடைய மாமா தோட்டத்துக் கிணற்றில் இறக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உயிர்காப்பு உடை ஒன்று 1,150 ரூபாய் வீதம் இரண்டு வாங்கினோம். ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது நின்று, தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். விரிஞ்சிபுரத்தில் ஏறி, வேலூர்ப் பாலத்தைக் கடந்து, சத்துவாச்சாரியில் இறங்குவது. ஆற்றோடு சுமார் பதினாறு கிலோமீட்டர். அக்காவுக்குப் பன்னிரண்டு மணி என்று சொல்லியிருந்தேன்.

காலை 6.40, விரிஞ்சிபுரம். கரையோரக் கடையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். ஷமீம் பெரிய தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்திருந்தாள், கத்தரிக்காய் தனியாக. நாலு மணிக்கு எழுந்து ஆக்கியிருக்கிறாள். தேவா எங்களைத் தள்ளிவிட்டுச் சாலை வழியாகப் பின்தொடர்வதாக ஏற்பாடு. பரிசல் தண்ணீரில் இறங்கியதும் முதல் காரியமாக மூன்று முறை சுற்றியது. நாங்கள் துடுப்பால் போட்ட ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு சுற்று. கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பிறகு பிடிபட்டது. ஆளுக்கொரு பக்கம் உட்காராமல் இரண்டு பேரும் முன்பக்கம் மண்டியிட்டு, எதிரில் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். 7.05க்கு விரிஞ்சிபுரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.

அந்த முதல் முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. நாற்பத்தொரு வயதில் என் சொந்த ஆற்றை முதல் முறையாக நடுவிலிருந்து பார்க்கிறேன். இவ்வளவு அகலம் என்று தெரியாது. பனிமூட்டத்தில் தென்னந்தோப்புகள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. வடக்கே எங்கோ ரயில் போகிற சத்தம். வெள்ளைக் கொக்குகள் நாங்கள் பத்தடிக்குள் வரும்வரை அசையவில்லை. அவற்றுக்கும் படகு புதுசு. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரித்தேன். ஷமீம் தன் பங்குக்குப் பாட ஆரம்பித்தாள். அவளுக்குச் சுத்தமாகப் பாட வராது. யாரும் கேட்காத இடத்தில் அதுவும் நன்றாகவே இருந்தது.

7.50. ஆறு இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் எடுத்த கிளை நூறு அடியில் முழங்கால் ஆழமாகி, கணுக்கால் ஆழமாகி, மணல் திட்டில் முடிந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் தெரிந்தது. இறங்கி இழுத்தால் போதும். இழுத்தோம். அசையவில்லை. நான் முன்னால் கயிற்றை இழுக்க, ஷமீம் பின்னாலிருந்து தள்ளினாள். மணல்தான் குவிந்தது. பரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு பேர் தூக்குகிற கனம்தானே, ஏன் இப்படி என்று ஒரு பக்கமாகச் சாய்த்து அடியைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஷமீம் ஒட்டியிருந்தது பாதுகாப்பு ஷூவுக்கான ரப்பர். அடி முழுக்கக் கட்டம் கட்டமாக மேடு. எண்ணெய் கொட்டிய தரையிலும் வழுக்கக் கூடாது என்று சோதித்துப் பார்த்துத்தான் எங்கள் கம்பெனியில் அதை வாங்குவார்கள். ஒரு பொருளுக்கு அடிப்பாகம் என்றால் அது தரையைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவர் மூளையிலும் வேறு எதுவும் இல்லை. பதினாறு வருட வேலை. படகின் அடி வழுக்க வேண்டும் என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. கிணற்றில் விட்டுப் பார்த்தவர்கள் மணலில் இழுத்துப் பார்க்கவுமில்லை.

ஷமீம் அந்த ரப்பரைத் தடவிப் பார்த்தாள். “நல்ல மால் குமுதா,” என்றாள் வருத்தமாக. “பிரிக்கவும் முடியாது. என் ஒட்டு பிரியாது.”

பிரியாணியையும் துடுப்புகளையும் இறக்கி, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிப் பார்த்தோம். முப்பது அடியில் கழுத்து போய்விட்டது. கடைசியில் அதை விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தினோம். வட்டம்தானே, உருண்டது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கை கொடுத்து, வண்டிச் சக்கரம்போல் உருட்டிக்கொண்டு போனோம். திட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று, “இன்னாம்மா, படகை உருட்டிக்கினு போறீங்க?” என்றார். காலையில் இதுதான் வழக்கம் என்றாள் ஷமீம். பதினோரு மணிக்குள் இப்படி ஐந்து திட்டுகளைத் தாண்டினோம். உருட்டுவது, திரும்பி வந்து சாமான்களை எடுத்துப் போவது, ஏறுவது, மூன்று சுற்றுச் சுற்றுவது, பிறகு போவது. நடுவே மணல் அள்ளிய பள்ளங்கள் இருந்தன. அங்கே துடுப்பு முழுதாக இறங்கியும் தரை தட்டவில்லை. அந்த இடங்களில் உயிர்காப்பு உடையின் வாரை இன்னும் இறுக்கிக்கொண்டோம்.

11.30, பொய்கைக்கு நேரான கரை. தேவா வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கணக்குப்படி நாங்கள் அப்போது பாலத்தருகே இருக்க வேண்டும். என் இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“ஏத்திடலாமா? சத்துவாச்சாரியில இறக்கி விட்டுர்றேன். கரையோரம் அரை கிலோமீட்டர் வந்தாப் போதும். அக்காவுக்கு இன்னா தெரியப் போவுது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அக்கா சொன்ன சொல்லுக்கு நான் பொய்யாகப் போய் நின்றால், அவள் வெளியே வருவதும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. ஷமீம் என்னைக் கேட்கவே இல்லை. துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிரியாணியில் ஒரு தட்டு தேவாவுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

பிற்பகல் 1.25, வேலூர்ப் பாலம். ஒரு நகரத்துக்குள் ஆற்று வழியாக நுழைவது தனி அனுபவம். பஸ்ஸில் வந்தால் வேலூர் கடை போர்டுகளாகவும் ஹாரனாகவும் வரும். ஆற்றில் வந்தால் முதலில் மலைகள் வருகின்றன, பிறகு வீடுகளின் பின்பக்கம், கொடியில் காயும் துணிகள், கடைசியாகச் சாக்கடை. ஆமாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். நகரத்தின் கழிவு கறுப்பாக வந்து கலக்கும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டோம். தோல் பதனிடும் ஊரிலிருந்து வருகிற எங்களுக்கு நாற்றத்தைப் பற்றிக் குறை சொல்ல யோக்கியதை கம்மி. பாலத்தின்மேல் காட்பாடி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ கையசைத்தார்கள். தூணுக்கடியில் நிழலில் புகுந்து மறுபக்கம் வெயிலில் வெளியே வந்தபோது பாலத்தில் முப்பது பேராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

2.30, சத்துவாச்சாரி. கரை அரிக்காமல் இருக்கப் போட்ட சிமென்ட் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் மேல் பரிசலை ஏற்றி நிறுத்தினோம். கரையில் யாரும் இல்லை. பன்னிரண்டு மணி என்று சொன்னது இரண்டரை ஆகிவிட்டது. போனைப் பாலித்தீன் பையிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள்.

“எங்க இருக்க, பஸ் ஸ்டாண்டுலயா?”

“உன் வீட்டுக்குப் பின்னாடிக்கா. ஆத்துல.”

இணைப்பு அறுந்துவிட்டது. நான் சரிவில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஷமீம் தூக்குவாளியைக் கழுவ ஆரம்பித்தாள்.

பத்து நிமிடம் கழித்து முள்செடிகளுக்கு இடையில் அக்கா வந்தாள். ஷூ வேலை செய்கிறவர்கள் ஆளைப் பார்க்கும்போது முதலில் காலைப் பார்ப்போம். அவள் போட்டிருந்தது மாமாவின் ரப்பர் செருப்பு, ஒன்பதாம் நம்பர். வாசலில் கையருகே கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். பரிசலைப் பார்த்தாள். என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். “நெசமாவே வந்துட்டியா நீ,” என்றாள். அவள் ஆற்றுக்கு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள், வந்துவிட்டாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே, இதில் எப்படி ஏறுவது என்று கேட்டாள்.

சரிவு முழுக்கப் பாசி. முழங்கால் வலிக்காரி. வழுக்கினால் அவ்வளவுதான். ஷமீம் ஒரு துடுப்பால் பரிசலை ஓங்கித் தட்டினாள். ஓர் அங்குலம் நகரவில்லை. “ஏறுங்கக்கா. இது எங்க கம்பெனி அடிப்பாகம், நவுராது,” என்றாள். அக்கா செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தாள். ஷமீம் அவள் முழங்கையைப் பிடிக்க, அக்கா என் தோளைப் பற்றிக்கொண்டு, முதலில் ஒரு காலை வைத்து, பிறகு அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். பரிசல் பாறைபோல் நின்றது. உயிர்காப்பு உடையை அவளுக்கு மாட்டி, வலிக்கிற கைகளோடு நாங்கள் இரண்டு பேரும் பின்விளிம்பைத் தூக்கித் தூக்கி, அவளோடு பரிசலைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு ஏறிக்கொண்டோம்.

திரும்பும்போது வண்டியில் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். நாள் முழுக்கப் பட்ட பாட்டை இருபது நிமிடத்தில் தாண்டிவிட்டோம். சாலையிலிருந்து ஆறு கண்ணிலேயே படவில்லை. ஆனால் அக்காவோடு ஆற்றின் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவள் மூன்று சுற்றுக்கும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலாவது சுற்றில் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டாள். பிறகு கரையில் தன் வீட்டைத் தேடினாள், நான்தான் கையைக் காட்டினேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சுவரெல்லாம் தண்ணீர் வெயிலில் மின்னியது. மோட்டாரை நிறுத்தாமல் வந்திருக்கிறாள்.

பரிசலைத் திருப்பட்டுமா என்று கேட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்க விடாதவள் அக்கா. அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடட்டும்,” என்றாள். “அந்த வளைவு வரைக்கும் போ.”