சோற்றுக்கு அடியில் ஒளித்து வைத்த கறி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் ஈஜோக் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. சபை என்றதும் பெரிய கோபுரத்தையெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம், பின்னால் ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். மழை பெய்தால் பாஸ்டர் என்ன பேசுகிறார் என்று யாருக்கும் கேட்காது. மொத்தம் நாற்பது குடும்பங்கள். யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று ஆட்டுக்கறி. இன்னொன்று பிளாஸ்டிக் டப்பா. என் சமையலறை அலமாரியைத் திறந்தால் முதலில் நாலு மூடி தலையில் விழும். அப்புறம்தான் டப்பாவே கண்ணுக்குத் தெரியும். அத்தனை இருந்தும் ஒன்றைக்கூட யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, அழியாத மையில் என் பெயரை எழுதி வைத்திருப்பேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் என் கணவர். "என் முதுகு ஒன்னுதான் பாக்கி, அதுலயும் ஒட்டிடு" என்பார்.

அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், பூசணி, மரவள்ளிக்கிழங்கு என்று கொண்டுவந்து குவித்திருந்தார்கள். பிரசங்கம், விளைச்சல் அதிகமானதும் பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனைப் பற்றியது. சேர்த்துச் சேர்த்து வைத்தவன் ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனான் என்று பாஸ்டர் உருக்கமாகச் சொன்னார். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னேன். எனக்கு முன் வரிசையில் புதுக் கார் வாங்கிய ஒரு சகோதரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் அந்தச் சத்தம்.

உண்மையில் என் நினைப்பெல்லாம் பின்கட்டில் கொதித்துக்கொண்டிருந்த அண்டா மேல் இருந்தது. மற்ற நாட்களில் சபைச் சாப்பாட்டுக்குக் கோழிதான். ஆட்டுக்கறி வருடத்துக்கு இரண்டே தடவை, அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும். அந்த இரண்டு தடவையும் பரிமாறும் கரண்டி என் கையில்தான் இருக்கும். நானே வலியப் போய் வாங்கிக்கொண்ட ஊழியம் அது. ஏதோ சேவை மனப்பான்மை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கடைசிப் பாட்டு பாடும்போதே நான் கொட்டகைக்கு நழுவிவிட்டேன். அண்டாவில் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், நல்லி எலும்பு எங்கே கிடக்கிறது என்று என் கைக்குத் தெரிந்துவிடும். ஆறு நல்லி, கை நிறைய ஈரல், கொழுப்போடு நாலைந்து நெஞ்சுத் துண்டு. எல்லாவற்றையும் என் பெரிய சிவப்பு மூடி டப்பாவில் போட்டேன். யாராவது மூடியைத் திறந்து பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே? அதனால் மேலே வெள்ளைச் சோற்றைப் போட்டு நன்றாக அமுக்கினேன். பார்க்கிறவர்களுக்கு, பாவம், வெறும் சோற்றைத் தப்பாவ், அதாவது பொட்டலம், கட்டி எடுத்துப்போகிறாள் என்றுதான் தோன்றும்.

இனி அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. பையில் வைத்தால் குழம்பு ஒழுகும். மேசையில் வைத்தால் யாராவது எடுத்துப் பரிமாறிவிடுவார்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. பின்வாசல் பெஞ்சில், பண்டிகைக்கு வர முடியாத நோயாளிகளுக்கும் கஷ்டப்படுகிறவர்களுக்கும் சாப்பாடு நிரப்பி அனுப்புவதற்காகப் பாஸ்டரம்மா காலி டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார். நோயாளிச் சாப்பாட்டில் யார் கை வைக்கப் போகிறார்கள்? அந்த வரிசையின் கடைசியில் என் டப்பாவையும் வைத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பரிமாறப் போனேன்.

நல்லதையெல்லாம் நான் அள்ளிவிட்ட பிறகு அண்டாவில் என்ன இருக்கும்? பாஸ்டர் தட்டை நீட்டினார். மூன்று உருளைக்கிழங்கும் குழம்பும் போட்டேன். அவர் ஒரு நொடி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எல்லாம் முடிந்து பின்வாசலுக்கு வந்தால் பெஞ்ச் காலியாக இருந்தது. நோயாளிகளுக்கான சாப்பாட்டை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். என் டப்பாவையும் அதோடு ஏற்றியிருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அடியில் என் பெயர் இருக்கிறதே, பார்க்காமலா எடுத்துப்போவார்கள்? யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முடிவு கட்டினேன். என் சந்தேகம் நேராகச் சோற்றுப் பானைப் பொறுப்பில் இருந்த சகோதரி மேல் போனது.

வீட்டுக்கு வந்து சார்டின் மீன் டின்னை உடைத்து வைத்தேன்.

"டப்பாதானே போச்சு, விடு லா" என்றார் கணவர்.

"டப்பா மட்டும் போகலீங்க!" என்று ஆரம்பித்து, ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பாஸ்டருக்கு வெறும் உருளக்கெழங்கா போட்ட?"

அவருக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு நல்லிதான் பெரிதாகத் தெரிந்தது. சபை வாட்ஸ்அப் குழுவில், இன்னொரு சிவப்பு மூடி டப்பாவின் படத்தைப் போட்டு எழுதினேன்: "இதே மாதிரி டப்பா. அடியில் என் பெயர் இருக்கும். யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி." கூடவே மூன்று கும்பிடு. ஒருவரும் பதில் போடவில்லை. புதன்கிழமை, கருவேப்பிலை கேட்கிற சாக்கில் அந்தச் சோற்றுப் பானைச் சகோதரி வீட்டுக்கே போய், பாத்திரம் கவிழ்க்கும் இடம் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் புண்ணியவதி ஒரு கிளை கருவேப்பிலையை உடைத்துக் கொடுத்து, ஒரு பப்பாளியும் கொடுத்தனுப்பினார். அப்போதுகூட என் சந்தேகம் தீரவில்லை. பப்பாளி கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, கடவுள் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சி சொல்லும் நேரம். சபாக் ஊர்ப் பக்கமிருந்து வந்து, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண் எழுந்து முன்னால் போனாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பிள்ளைகள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு மூடி எட்டிப் பார்த்தது.

"என் வீட்டுக்காரரு மோட்டார்லேருந்து விழுந்து காலு ஒடஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. நீங்கல்லாம் சாப்பாடு கொடுத்து விடுறீங்க, நன்றி. ஆனா உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு வர்றது எப்பவும் கடைசியா வழிச்சதுதான். கொழம்பு இருக்கும், கறி இருக்காது. எலும்பு இருக்கும், அதுல ஒன்னும் இருக்காது."

சபையில் சிலர் அசட்டுத்தனமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"போன வாரம் டப்பாவத் தொறந்தா வெறும் சோறு. கொழம்புகூட இல்ல. என் சின்னவ அழுதுட்டா. சரி, ரசம் வெச்சுச் சாப்பிடலாம்னு கரண்டிய விட்டேன். டக்குனு ஏதோ தட்டுச்சு. தோண்டிப் பாத்தா நல்லி! ஒன்னு இல்லங்க, ஆறு! ஈரலு வேற! எங்க வீட்டுக்காரரு ஒடஞ்ச கால மறந்துட்டு எந்திரிக்கப் பாத்தாரு."

இப்போது சபை வாய்விட்டுச் சிரித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"இத ஏன் சோத்துக்கு அடியில மறைச்சு வெச்சாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனோம். மேல வெச்சா நாலு பேரு பாப்பாங்க, பேரு கெடைக்கும். பேரே வேணாம்னு நெனைக்கிறவங்கதான் மறைச்சுக் கொடுப்பாங்க. கழுவும்போதுதான் பாத்தேன், அடியில பேரு ஒட்டியிருந்துச்சு. அத எடுக்க மறந்துட்டாங்கபோல."

டப்பாவைத் திருப்பி என் பெயரை வாசித்தாள்.

நாற்பது குடும்பமும் என் பக்கம் திரும்பியது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் கணவர் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்தவர், மனைவியின் நல்ல மனசை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, அவர் முதுகைத் தடவி ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

பாஸ்டர் மைக்கை வாங்கினார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதை இத்தனை வருடம் சொல்லிப் பார்த்தும் தன்னால் புரியவைக்க முடியவில்லை, ஒரு டப்பா புரியவைத்துவிட்டது என்றார். அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னைக்கு என் தட்டுல உருளக்கெழங்கு மட்டும் விழுந்தப்போ மனசுல கொஞ்சம் வருத்தப்பட்டேன். இன்னைக்குத்தான் காரணம் தெரியுது. கறி போக வேண்டிய எடத்துக்குப் போயிருக்கு. சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க" என்று எல்லார் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். பாவம், தாங்க முடியவில்லை என்று இன்னும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்கிறேன்: கொஞ்ச நேரம் எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடித்தும் இருந்தது. கறிக்கு ஆசைப்பட்டவள், கிடைக்காததற்குப் பதிலாகப் பேருக்கு ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். வாட்ஸ்அப்பில் நான் தேடியதுகூட, சாப்பாடு அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கவலையால்தான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். முதலில் சொன்னது யார் தெரியுமா? நான் திருடி என்று நினைத்த அதே சகோதரி. "உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார். அவர் கொடுத்த பப்பாளி அப்போதும் என் வீட்டில் பழுத்துக்கொண்டிருந்தது.

நான் கொட்டகைப் பக்கம் போய்க் குழாயடியில் நின்றேன். அந்தப் பெண் அங்கேயும் வந்து, டப்பாவை என் கையில் கொடுத்தாள். கனத்தது. நம்மவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்களே.

"என்னா இது?"

"கீரதாங்கக்கா. லயத்துக்குப் பின்னால போட்டது."

திறந்தேன். மேலே முருங்கைக்கீரை நிறைய இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏதோ சந்தேகத்தில் கீரையை விலக்கினேன். அடியில், பழைய துணியில் சுற்றி, எட்டு முட்டைகள். அவள் வளர்க்கும் நாட்டுக்கோழி முட்டைகள். அதில் சில கடைக்குப் போகும், மிச்சம் அவள் பிள்ளைகளுக்கு என்பது எனக்குத் தெரியும்.

"நீங்க செஞ்ச மாதிரியே" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குழாயடியிலேயே அழுதுவிட்டேன். "எனக்குன்னு எடுத்து ஒளிச்சு வெச்சதும்மா அது. உனக்கில்ல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் சோத்தப் போட்டு மூடுனேன். வேன்ல ஏறுனது தெரிஞ்சிருந்தா ஓடி வந்து புடுங்கியிருப்பேன்" என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, முட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அவள் அதை வாங்கவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஓ, உங்களுக்குன்னு எடுத்ததா? அதான் அவ்ளோ நல்லா இருந்துச்சு" என்றாள். "எங்களுக்குன்னு எடுத்திருந்தா அதுவும் உருளக்கெழங்காதான் இருந்திருக்கும். அடுத்த தடவையும் உங்களுக்குன்னே எடுங்கக்கா. எடுத்துட்டு எங்களுக்குக் கொடுங்க."

சொல்லிவிட்டு நாலடி போனவள் திரும்பி வந்தாள். "இத சபையில சொல்லிடாதீங்க லா. அப்புறம் என் சாட்சி பொய்யாப் போயிடும்."

அதனால்தான் இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவளே அனுமதி கொடுத்தாள். அவள் கணவர் கால் சரியாகி இப்போது வேலைக்குப் போகிறார். யாராவது கேட்டால், தன் சாட்சி இனி அவருடைய கால் சரியானதற்குத்தான், கறிக்கு இல்லை என்று சமாளித்துக்கொள்வாளாம்.

கரண்டி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. பாஸ்டருக்கு முதல் நல்லி போய்விடுகிறது. அவருக்குக் காரணம் தெரியாது. பிறகு, பின்வாசல் பெஞ்சில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாமே என் வீட்டுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, பழைய பேராசை கொஞ்சமும் குறையாமல் தேடித் தேடி அள்ளி வைக்கிறேன். அடியில் என் பெயரை மட்டும் ஒட்டுவதில்லை.