மடிக்குத் திரும்பிய இலைகள்

1950-களில் உறையூர் சுருட்டுக் கம்பெனி ஒன்றில் எனக்குப் புகையிலை பிரிக்கும் வேலை. மேலுறைக்கு, உள்ளுறைக்கு, உள்ளே வைத்துச் சுருட்ட என்று மூன்று குவியல். சேர்ந்த வாரம் சனிக்கிழமைக்குள் கை பழகாவிட்டால் வேலை இல்லை. தவறாகப் போட்ட இலையை மேஸ்திரி என் மடியில் எறிவார்; எந்தக் குவியல் என்று சொல்ல மாட்டார்.

"சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடும்," என்றார் பக்கத்து அக்கா.

பயந்துபோய், சந்தேகமானதையெல்லாம் உள்ளே வைக்கும் குவியலில் போட்டேன். அந்தக் குவியலை மேஸ்திரி பார்ப்பதில்லை. எதுவும் திரும்பவில்லை, எனக்கு ஒன்றும் பிடிபடவுமில்லை.

வியாழக்கிழமை சந்தேகமான இலைகளை அவர் பார்க்கும் மேலுறைக் குவியலில் போட்டேன். மடி நிறைந்தது.

"வேணும்னே போடுறியா?" என்றார் மேஸ்திரி.

"ஆமாங்க. நீங்க எறிஞ்சாத்தானே தெரியும்."

திரும்பிய ஒவ்வோர் இலையையும் நரம்பு பார்த்து, தடவிப் பார்த்து மாற்றி வைத்தேன். சனிக்கிழமை மாலை மடி காலி. திங்கட்கிழமை வா என்று மேஸ்திரி சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன்.