இரண்டாம் ஓலையில் வந்த செவ்வாய்க்காரி

மாதா கோயில் மணி மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது! உரக்கத்தான் சொல்கிறேன், அடுத்த தெருவுக்கும் கேட்கட்டும். எங்கள் கிணற்றில் மீன் பேசியது என்று நான் முன்பு சொன்னதை வேண்டுமானால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இது முழுசும் நிஜம்.

விஞ்ஞானக் காதல் நாவல் எழுதுவது ஓர் ஆள் வேலை. அதைத் தானே அச்சடித்து, தானே சுமந்து, தானே விற்பது ஓர் ஆளும் ஒரு கழுதையும் சேர்ந்து செய்கிற வேலை. நான் இரண்டுமாக இருந்தேன். சொந்தமாகப் புத்தகம் போட்டு, மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அதன் மேலேயே படுத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். உங்கள் புத்தகம் விற்காமல்தான் போயிருக்கும். என் புத்தகம் என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில்

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பியதற்கு மறுவருஷம். அப்போது நான் தாலுகா ஆபீஸில் நகல் குமாஸ்தா. ஆவூர்ப் பக்கத்தில், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் ஓர் உபதேசியார் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பேர் ஆரோக்கியம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றுகொண்டு, "என்ன வேலை பார்க்குறீங்க?" என்று நேராக என்னிடமே கேட்டுவிட்டது. "எழுதுறேன்" என்றேன். அது பொய்யில்லையே, பட்டா நகல் எழுதினேன். "சொந்தமா எழுதுனது ஏதாச்சும் இருக்கா?" என்றது அடுத்த கேள்வி.

அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனால் எனக்கு வாயில் உண்மை வராது. "நாவல் ஒண்ணு அச்சுல இருக்கு. செவ்வாய்க் கிரகத்துப் பொண்ணும் நம்ம ஊரு ஆளும் காதலிக்கிற விஞ்ஞானக் கதை" என்றேன். என் அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும், எனக்கும் அப்போதுதான் தெரியும். ஆரோக்கியம் அலட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப அச்சாகி வரட்டுங்க. படிச்சுட்டுச் சம்மதம் சொல்றேன்."

திரும்பி வர முடியாத எட்டுப் பக்கம்

புதுக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் அடிக்கிற ஒரு சின்ன அச்சாபீஸைப் பிடித்தேன். அங்கே கம்பாசிட்டர் முத்தையா அண்ணன். அவரிடம் இருந்த ஈய எழுத்து மொத்தமும் எட்டுப் பக்கம் கோர்க்கத்தான் காணும். எட்டுப் பக்கம் கோர்ப்பார், ஐந்நூறு பிரதிக்கும் அதை அடித்து அடுக்குவார், பிறகு எழுத்துகளைக் கலைத்துப் பழையபடி பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். இந்த எட்டுக்குப் பாரம் என்று பேர். அதாவது ஒன்பதாம் பக்கத்தை நான் யோசிக்கிறபோது முதல் எட்டுப் பக்கம் காய்ந்து கட்டாகிவிட்டிருக்கும்.

கதாநாயகனுக்குப் பேர் யோசிக்க நேரமில்லாமல் முதல் பக்கத்தில், 'தாலுகா ஆபீஸில் நகல் எழுதும் நான் அன்று மாலை நார்த்தாமலைப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது' என்று ஆரம்பித்துவிட்டேன். பேரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். இரண்டாம் பாரத்துக்கு வரும்போது சுந்தரம் என்று ஒரு நல்ல பேர் கிடைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். முத்தையா அண்ணன் கையில் இருந்த எழுத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தம்பி, சுந்தரம் வந்த பஸ்ஸு போயிருச்சு. இனிமே நீங்கதான் செவ்வாய்க்குப் போகணும்."

அட்டையில் இருந்தவள்

கதாநாயகிக்குச் செந்தாரகை என்று பேர். நாவலுக்கு 'செந்தாரகை என் நாயகி' என்று பேர். அட்டைக்குப் பெண் படம் வேண்டுமே. அச்சாபீஸில் இருந்த, பெண் படம் செதுக்கிய ஒரே பிளாக், கூந்தல் தைல நோட்டீஸுக்குச் செய்தது. முழங்கால் வரைக்கும் மயிர். அதையே சிவப்பு மையில் அடித்தோம். அட்டைக்குப் பொருந்த வேண்டுமே என்று நாலாம் பாரத்தில் செவ்வாயில் எல்லாப் பெண்களுக்கும் முழங்கால் வரைக்கும் கூந்தலை வளர்த்துவிட்டேன். அந்தக் காற்றுக்கு அப்படி வளருமென்று விஞ்ஞானமும் சொல்லிவிட்டேன்.

முதல் பிரதி உபதேசியார் வீட்டுக்குப் போயிற்று. பதில் வருகிற வரைக்கும் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், மிச்சத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பொன்னமராவதிச் சந்தைக்குப் போனேன். வெங்காயக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே விரித்தேன். ஓர் அம்மாள் வந்து அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். காதலைப் பற்றி, கிரகங்களைப் பற்றி, நாயை அனுப்பிய ரஷ்யாக்காரனைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கதை கெடக்கட்டுங்க. அங்கிட்டு என்ன எண்ணெய் தேய்க்கிறாகன்னு உள்ள போட்டிருக்கீகளா?"

காற்றில்லாத இடத்தில் பாய்

மூன்று வாரமாகியும் ஆரோக்கியத்திடமிருந்து பதில் இல்லை. ஜெகதாப்பட்டினம் போனேன். போன தடவை அங்கே ஒரு பிரதி விற்றிருந்தது. வாங்கியவர் கடற்கரையில் பத்துப் பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். என்னைக் கண்டதும் பத்துப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள். பாராட்டு என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

விஷயம் வேறு. வானக்கப்பல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கப்பல் இதே கடற்கரையில் பார்த்த வள்ளம்தான். அதனால் செந்தாரகையின் கப்பலுக்கும் ஒரு பாய் கட்டிவிட்டேன். பதினோராம் பக்கத்தில் வானத்தில் காற்று கிடையாது என்று எழுதியவனும் நானே. அதை விரலை வைத்துக் காட்டினார்கள். ஈரக் கை பட்ட பக்கம். வயசான ஒருவர் மட்டும் எனக்காக இரக்கப்பட்டார்.

"விடுங்க, பிள்ளை தெரியாம கட்டிருச்சு. நாங்க பாயை எறக்கிப்புட்டுத்தான் படிச்சோம். நல்லாத்தான் போச்சு."

சம்மதம்

கடைசிப் பாரம் வந்தபோது முத்தையா அண்ணன், இன்னும் எட்டே பக்கத்துக்குத்தான் காகிதம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஏழரைப் பக்கம் செவ்வாய்க்காரர்களின் யுத்தத்துக்குப் போய்விட்டது. மிச்ச அரைப் பக்கத்தில், 'செவ்வாயின் இரண்டு நிலாக்களும் சாட்சியாக நான் அவள் கரம் பற்றினேன்' என்று கல்யாணத்தை முடித்துவிட்டேன். பெரிய குற்றம் என்று தோன்றவில்லை.

ஒருநாள் உபதேசியாரே தாலுகா ஆபீஸுக்கு வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகள் சொல்லியனுப்பியதை ஜெபம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார்.

"படிச்சாச்சாம். கல்யாணத்தைத்தான் அரைப் பக்கத்துல அவசரமா முடிச்சுப்புட்டீங்களாம். நம்ம கல்யாணத்துல அந்த அவசரம் ஆகாதுன்னு சொல்லச் சொல்லுச்சு."

இரண்டாம் ஓலை

எங்கள் வேதத்தில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் ஓலை வாசித்து, பூசை முடிந்து வெளியே வருகிறேன், என் சொந்த அத்தை சவரியம்மா சாமியார் முன்னால் நிற்கிறார். அத்தைக்குத் தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுக்க ஆசை இருந்தது ஊருக்கே தெரியும். முந்தானைக்குள்ளிருந்து என் நாவலை எடுத்தார். அத்தைக்கு எழுத்து வாசனை கிடையாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், இரண்டு தடவை.

சாமியார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூந்தலைப் பார்த்தார். தூரத்தில் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தது. தடை என்று ஒன்று வந்துவிட்டால், அதைத் தீர்க்காமல் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது. அத்தை நிதானமாகச் சொன்னார்.

"சாமி, இவன் ஏற்கெனவே கட்டுனவன். நான் சொல்லலை, அவனே அச்சடிச்சுக் குடுத்திருக்கான். தாலுகா ஆபீஸு நகல் குமாஸ்தான்னு உத்தியோகம் மொதக்கொண்டு போட்டிருக்கு."

சாமியார் பங்களாவில்

வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் சாமியார் நாவல் முழுவதையும் படித்து, அங்கங்கே காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் உபதேசியாரும் ஆரோக்கியமும். நடுவில் நான். "சாமி, இது கற்பனை" என்று ஆரம்பித்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

"இல்லீங்க சாமி."

"அஞ்ஞானிப் பொண்ணைக் கட்ட பிஷப்போட உத்தரவு வாங்குனியா?"

"இல்லீங்க சாமி."

"குருவானவர் யாரு?"

"எடமில்லீங்க. அரைப் பக்கந்தான் இருந்துச்சு."

"சாட்சி?"

"ரெண்டு நிலாங்க."

சாமியார் புத்தகத்தை மூடினார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். போட்டார். தும்மினார். அந்தத் தும்மல் வருவதற்குள் எனக்கு ஒரு வயசு கூடிவிட்டது. "ஞானஸ்நானம் இல்லை, உத்தரவு இல்லை, குரு இல்லை, சாட்சி இல்லை. ஆகையினால செவ்வாயில நடந்த கல்யாணம் செல்லாது. மூணாம் ஓலை வர்ற ஞாயித்துக்கிழமை" என்று தீர்ப்புச் சொன்னார். அத்தை விடுகிற ஆளா? "செல்லாதுன்னா, எட்டாம் அத்தியாயத்துல இவன் அவகூடப் பாறைக்குப் பின்னாடி போனானே, அது?" என்று கேட்டார். சாமியார் எழுந்து நின்றார்.

"அதுக்குத்தான் பாவசங்கீர்த்தனம் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து முழங்கால் போடச் சொல்லுங்க."

ஆரோக்கியம் சொன்னது

முழங்கால் போட்டேன், ஐயா. நான் செய்யாத பாவத்தை, இல்லாத பெண்ணோடு, போகாத கிரகத்தில் செய்ததாக அறிக்கையிட்டு ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை அபராதம் வாங்கினேன். மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. கல்யாணமும் நடந்தது, அத்தை முன் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அடுத்த நாவலைத் தொடங்கினேன், சந்திரனில் ஒரு ராணி. முதல் பாரம் அச்சுக்குப் போகுமுன் ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு எட்டுப் பக்கமும் படித்தது. ஒரு இடத்திலும் கோடு போடவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் சொன்னது.

"நீங்க யாரை வேணும்னாலும் கட்டிக்கங்க. சாமியாரை மட்டும் கதைக்குள்ள விட்டுறாதீங்க. செல்லுபடியாயிரும்."

ஆக, சொந்தச் செலவில் ஒரு நாவல் போட்டு, ஒரு கிரகத்துக் கல்யாணத்தை ரத்து செய்துகொண்டு இன்னொரு கிரகத்துக் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டதுதான் என் இலக்கியச் சாதனை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அன்று சாட்சிக்கு நீட்டிய அந்தப் பிரதியை அத்தை மகள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.