வாழைப்பழக் கலரைக் குடித்துப் பார்த்தவள்

என் வீட்டுக்காரருக்கு மூக்கு செத்துப் பல வருஷமாகியிருந்தது. அத்தனை மூக்குப்பொடி. ரோஜாப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் ராசிபுரத்தில் சோடாக் கம்பெனி வைத்துக் கலர் சோடா போட்டு விற்றார் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு மூக்கும் நாக்கும் நான்தான். சர்க்கரைப் பாகில் எசென்ஸை ஊற்றிக் கலக்கியதும் முதல் கிளாஸ் என் கைக்கு வரும். குடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும்.

யுத்தம் வந்ததும் சீமை எசென்ஸ் நின்றுபோயிற்று. சேலத்து வியாபாரி ஒருவர் சீட்டு ஒட்டாத பாட்டிலில் வாழைப்பழ எசென்ஸ் என்று ஒன்றைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலத்தில் சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில், மரச்சட்டத்துக்குத் தங்க வர்ணம் பூசும்போது அடிக்குமே, அதே வாசனை.

“ஏனுங்க, இது பெயிண்டுல ஊத்தறதுங்க,” என்றேன்.

“வாழப்பழ வாசன வருதா, இல்லியா?”

“வருதுங்க.”

“அப்பறம் என்ன புள்ள, குடிச்சுப் பாரு.”

குடித்தேன். அப்போது எனக்கு நாலு மாசம். அதற்குப்பின் கலர் போட்ட நாளெல்லாம், குடித்த கொஞ்ச நேரத்தில் தொண்டை எரியும், தலை கிறுகிறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். சொன்னால் மசக்கை என்றார் இவர். மாமியாரும் மசக்கை என்றார். மருத்துவச்சியும் அதையே சொன்னாள். வீடு இடிந்து என் தலையில் விழுந்திருந்தாலும் மசக்கை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கலர் போடாத நாளில் இந்த மசக்கை எங்கே போய்விடுகிறது என்று கேட்டேன். என்னை விடுங்கள், வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி ரெண்டு மாசம் போனபின் சுகாதார இன்ஸ்பெக்டர் கம்பெனியைப் பார்க்க வந்தார். கடவுளே அனுப்பினார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். பரிசோதனைக்கு அனுப்பத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டார். நான் எசென்ஸ் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

மோந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு. நாங்க தண்ணியத்தாம்மா பார்ப்போம். இதுக்கு ரூல் ஒண்ணும் கிடையாது,” என்றவர், இவர் பக்கம் திரும்பி, “யாராவது குடிச்சுப் பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

“எங்கூட்டுக்காரி ரெண்டு மாசமாக் குடிக்கறாளுங்க. ஒண்ணும் ஆவலீங்க,” என்றார் இவர், பெருமையாக.

இன்ஸ்பெக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் மூன்றடி தள்ளி, கல் மாதிரி நிற்கிறேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒண்ணும் ஆவலைன்னு யாருங்க சொன்னது? குடிச்சவ நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். “இந்தச் சமயத்துல அப்படித்தாம்மா இருக்கும்.”

ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி அவரிடம் நீட்டினேன். “நீங்க ஒரு வாய் குடிங்க சார். உங்களுக்கு மசக்கை இல்லீங்களே.”

வாங்கினார், பார்த்தார், பலகைமேல் வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு விரதமாம். அதைப் பார்த்தபிறகுதான் இவர் அந்தப் பாட்டிலை எடுத்துப் பரணில் போட்டார்.

பெண் பிறந்தாள். கொழுகொழுவென்று, ஒரு குறையில்லாமல். நான் வேண்டாத தெய்வமில்லை, நேராத நேர்த்தியில்லை. ஆனால் இவரைப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினார். “அந்தக் கலரக் குடிச்சவ பெத்த புள்ளைங்க. ஏதாச்சும் கொற இருக்குதாங்க?” பிள்ளை நன்றாகப் பிறந்தது என் தப்பாகிவிட்டது.

குழந்தைக்கு மூன்று மாசமானபோது பரணிலிருந்து பாட்டில் இறங்கியது. கலக்கி, கிளாஸை நீட்டினார். குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் குடிக்க மாட்டேனுங்க.”

“அதான் ஒண்ணும் ஆவலியே. செரி, நீ வேண்டாம். எம்மவ சொல்லட்டும்,” என்று சிரித்துக்கொண்டே விரலைக் கலரில் நனைத்து, பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கிற மாதிரி குழந்தையின் வாய்க்குக் கொண்டுவந்தார்.

ஓங்கி ஒரு அடி அடித்தேன் அந்தக் கையில். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவரை நான் அடித்தது அன்றுதான். கிளாஸ் விழுந்து உருண்டது, குழந்தை வீறிட்டது. இவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த விரலை வேட்டியில் துடைத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

“ஒண்ணும் ஆவாதுன்னா ஏனுங்க இப்படித் தொடைக்கறீங்க?” என்றேன்.

பாட்டிலை அவரே எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.