எங்க சீமையில எட்டு வாத்து

போன வாரம் இங்க ரங்கூன்ல பன்சோடான் தெருப் பக்கம் போயிருந்தேன். பழைய புஸ்தகம் பரப்பி வெச்சு விப்பாங்கல்ல, அந்த நடைபாதை. எனக்கும் புஸ்தகத்துக்கும் சம்பந்தமில்ல, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளு. மழை பிடிச்சுக்கிச்சு, ஒரு கடைத் தார்ப்பாய்க்குக் கீழ ஒதுங்குனேன், அவ்வளவுதான். கடைக்கார ஊலே (இங்க வயசானவங்களை மாமாங்கிற மாதிரி ஊலேன்னுதான் கூப்பிடுவோம்) நனையாம இருக்கட்டும்னு ஒரு அட்டைப்பொட்டியை இழுத்து என் கால்கிட்ட வெச்சாரு. பொட்டி பூரா பழைய போட்டோ. ஈர அட்டை வாடை, பாச்சை உருண்டை வாடை, கொஞ்சம் கரப்பான் வாடை.

குனிஞ்சு ஒண்ணை எடுத்தேன். வெள்ளைக்காரங்க ஊரு. கல்லு வெச்சுக் கட்டுன சின்னச் சின்ன வீடு, ஒரு தெரு, தொப்பி போட்ட ரெண்டு பொம்பளைங்க யாரையோ பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் அழ ஆரம்பிச்சுட்டேன். சத்தமாவே. ஊலேக்கு என்ன செய்றதுன்னு தெரியல. சும்மா கேலியா, யாரும்மா இவங்க, உன் சொந்தக்காரங்களான்னு பர்மா பாஷையில கேட்டாரு. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன். நான் நல்ல கறுப்பு. அவரு படத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அப்புறம் பிளாஸ்குலேர்ந்து டீ ஊத்திக் குடுத்தாரு. நான் படத்தை இருந்த இடத்துலயே வெச்சுட்டு, டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஏன் ஆமான்னு சொன்னேன்னு அவருக்குச் சொல்ல முடியல. உங்களுக்குச் சொல்றேன்.

எங்க வீடு பபேடான்ல, ஒரு குறுகுன கட்டடத்துல நாலாவது மாடி. அப்பா, அண்ணன், நான். அம்மா நான் நடக்கப் பழகும்போதே செத்துப் போயிட்டா. அப்பாவுக்குத் துறைமுகத்துல மூட்டை வேலை, விடியறதுக்குள்ள போயிருவாரு. கலவரம்னு இஸ்கூலை எல்லாம் மூடிப் போட்டிருந்த காலம் அது. அண்ணனுக்கு என்னைவிட நாலு வயசு கூட, என்னைப் பாத்துக்கிறதுதான் அவன் வேலை. பாத்துக்கிட்டான்னா, சோறு வடிப்பான், சட்டியோட அடியில ஒட்டுனதைச் சுரண்டி அவன் தின்னுட்டு நல்லதை எனக்குப் போடுவான், அப்புறம் ஜன்னல்ல உக்காந்துகிட்டு கீழ போற ஆளுங்களுக்கெல்லாம் பேரு வெப்போம். சம்சா விக்கிறவருக்கு நாங்க வெச்ச பேரை இப்ப எழுத முடியாது.

அலமாரி மேல ஒரு சிகரெட் டின் இருந்துச்சு. அப்பாவோட அப்பா ஒரு துரை வீட்டுல தோட்டக்காரரா இருந்திருக்காரு. ஜப்பான்காரன் வந்தப்ப துரை எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடிட்டாராம். குப்பையில கெடந்த அஞ்சு போட்டோவை தாத்தா எடுத்து வெச்சுக்கிட்டாரு. இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியும். அப்பத் தெரியாது. அப்ப எங்களுக்குத் தெரிஞ்சது, டின்னைத் தொறந்தா அஞ்சு படம், ஒவ்வொண்ணு பின்னாடியும் தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு, அவ்வளவுதான்.

அண்ணன்தான் அதைப் படிச்சான். ஞாயித்துக்கிழமை கோயில்ல தமிழ் வகுப்பு நடக்கும், அதுல அவனுக்கு எழுத்து வந்துருச்சு. ஒரு நாள் டின்னை எறக்கி வெரலை வெச்சு, சீ... மை... சீமைன்னு படிச்சான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

நீங்க தமிழ்நாட்டுல இருந்தா இதுல என்ன இருக்குன்னு நெனைப்பீங்க. எங்களுக்கு அப்படியில்ல. எங்க அப்பா வாயைத் தொறந்தா, நாம சீமையிலேர்ந்து வந்தவங்கம்பாரு. தீமிதித் திருவிழாவுல பெருசுங்க ரெண்டு பேரு புதுசா சந்திச்சாப் போதும், மொதக் கேள்வி நீங்க எந்தச் சீமைங்கிறதுதான். அப்பா சொல்றது சிவகங்கைச் சீமை. அவரும் கண்ணால பாத்ததில்ல. தாத்தா சீமைன்னு எழுதுனது வெள்ளைக்காரன் ஊரை. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க? எங்க ஊரு இந்த டின்னுக்குள்ள இருக்குன்னு முடிவு பண்ணிட்டோம்.

அன்னையிலேர்ந்து எங்களுக்கு வேற பொழப்பே இல்ல. கரெண்டு போகாத நாளே கிடையாது, சாயங்கால வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஜன்னல்ல அந்த அஞ்சு படம்தான். ஒரு படத்துல கல்லுப் பாலம், கீழ ஆறு, ஆத்துல எட்டு வாத்து. நான் தினமும் எண்ணிப் பாப்பேன், ஏதாச்சும் கொறைஞ்சிருக்குமோன்னு. ஒரு படத்துல உசரமான கோபுரம், கோபுரத்துல கடியாரம். அது எங்க மாரியம்மன் கோயில். கோயிலைச் சுத்தி வரிசையா கல்லு நட்டிருக்கும். அது எதுக்குன்னு கேட்டேன். தேங்கா ஒடைக்கன்னான் அண்ணன். இவ்வளவு கல்லான்னேன். நம்ம ஊர்ல கூட்டம் ஜாஸ்தின்னான். சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவரு சித்தப்பா. கறுப்புக் கவுனு போட்டு மொறைச்சுக்கிட்டு நிக்கிறது அத்தை, அந்தம்மாவுக்கு எங்க அப்பாகூடப் பேச்சுவார்த்தை இல்ல. எல்லாரும் ஏன் வெள்ளையா இருக்காங்கன்னு ஒரு தரம் கேட்டுட்டேன். அவன் யோசிக்கவே இல்ல.

"அங்க குளிரு, வெயிலே கெடையாது பாப்பா. நாமளும் வெள்ளைதான். ரங்கூனுக்கு வந்துதான் கறுத்துட்டோம்."

அதை நான் நம்புனேன். கொஞ்ச நாள் வெயில்ல போகாம இருந்துகூடப் பாத்தேன். கன்னத்துல தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அரை இஞ்சுக்குப் பூசிக்கிட்டு, வெளுக்குதான்னு தெனமும் கண்ணாடியில பாத்துக்கிட்டுத் திரிஞ்சேன்.

எனக்கு ஒம்பது வயசுல என்னையும் தமிழ் வகுப்புல சேத்து விட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை டீச்சரம்மா ஒவ்வொருத்தரையா எழுப்பி உங்க பூர்வீகம் எதுன்னு கேட்டாங்க. ஒருத்தன் தஞ்சாவூருன்னான், ஒருத்தி புதுக்கோட்டைன்னா, வேற ஒண்ணும் சொல்லத் தெரியாம உக்காந்துட்டாங்க. நானு விடல. எங்க சீமையில கல்லுப் பாலம் இருக்கு, எட்டு வாத்து இருக்கு, மாரியம்மன் கோயில்ல கடியாரம் இருக்கு, எங்க சித்தப்பா தொப்பி போட்டு சைக்கிள்ல வருவாருன்னு அளந்து விட்டுக்கிட்டே போனேன். நம்பலைன்னா பாருங்கன்னு பாவாடையில சொருகியிருந்த கோயில் படத்தையும் எடுத்து நீட்டுனேன். டீச்சரம்மா பாத்தாங்க. நல்லவங்கதான், சிரிக்கக் கூடாதுன்னுதான் பாத்தாங்க, முடியல. முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டே, இது இங்கிலீஷ்காரன் சீமைடி தங்கம், அந்தக் கல்லெல்லாம் சமாதின்னாங்க. மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே தெருவுல எனக்குப் பேரு துரைசானி. பருப்புக் கடைக்கு அனுப்புனா, துரைசானிக்கு மொதல்ல போடுங்கப்பான்னு கடைக்காரரே சொல்லுவாரு.

வீட்டுக்கு ஓடி வந்து அண்ணனைச் செருப்பால அடிச்சேன். பொய்யி, எல்லாம் பொய்யி, உனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏமாத்துனன்னு கத்துனேன். அவன் தடுக்கல. எனக்குக் கை ஓஞ்சதும், ஆமா ஏமாத்துனேன், நீ ஏன் ஏமாந்தன்னு சிரிச்சான். அதோட தமிழ் வகுப்புக்கு நான் போகல. அதான் இன்னமும் என் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கு. அந்தக் கோவம் போகவே இல்லைங்க எனக்கு. அவன் என்ன சொன்னாலும், நெசமா, இல்ல சீமையாம்பேன். மழை வரும்னா, நெச மழையா சீமை மழையாம்பேன். பெரியவங்களா ஆன பெறகும் விடல. சீமைன்னா எங்க வீட்டுல பொய்யின்னு அர்த்தமாயிருச்சு.

அப்புறம் அண்ணன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான். போயி நாலு மாசத்துல ஒரு போட்டோ அனுப்புனான். ரெண்டு மாடி வீடு, வாசல்ல செவப்புக் காரு, காரு மேல கையை வெச்சுக்கிட்டு இவன். பின்னாடி, நான் இருக்கிற வீடுன்னு எழுதியிருந்தான். அப்பா அதைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு துறைமுகம் பூராக் காட்டுனாரு. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு, அது இவன் இருக்கிற வீடு இல்லைன்னு. இவன் தேஞ்ச ரப்பர் செருப்போட நிக்கிறான், அந்த வாசல்ல அஞ்சாறு ஜோடி பளபளன்னு சப்பாத்து கெடக்கு.

அப்ப போன் பேசணும்னா சூலே பகோடாங்கிற புத்தர் கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை இருந்துச்சு. பலகை அடிச்ச மூணு பொட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு போன், செவுரு பூரா ஜனங்க பேனாவால கிறுக்கி வெச்ச நம்பரு. உள்ள போயி கதவைச் சாத்துனா மொதல்ல பேசிட்டுப் போனவங்க வாயில இருந்த வெத்தலை வாடை அடிக்கும். மூணாவது பொட்டியிலதான் எங்களுக்கு லைன் கெடைச்சுச்சு. அப்பா வெளிய நின்னாரு. படம் கெடைச்சுச்சான்னு கேட்டான் அண்ணன். கெடைச்சுச்சுன்னேன். எப்படி இருக்குன்னான்.

"இதுவும் சீமையா?"ன்னு கேட்டேன்.

"ஆமாடி துரைசானி"ன்னான். சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வயித்துக்கு ஏதாச்சும் திங்கிறியான்னு கேட்டிருக்கலாம். ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாம். நான் ரிசீவரை அப்பாகிட்டக் குடுத்துட்டேன். நாங்க ரெண்டு பேரும் கடைசியாப் பேசுனது அதான்.

மூணு வாரத்துல காய்ச்சல்ல போயிட்டான். அங்கயே எரிச்சுட்டாங்க. கூட வேலை பாத்த கோ மின்னுங்கிற பர்மாக்காரரு லீவுல வந்தப்ப அண்ணன் பையைக் கொண்டு வந்தாரு. எங்க வீட்டுத் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, எதைச் சொல்ல எதை விடன்னு தெரியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு. அந்த வீட்டுக்கு இவங்க வெளிச்செவுத்துல பெயிண்டு அடிச்சாங்களாம். தூங்குனதெல்லாம் தகரக் கொட்டாயில. பையில ரெண்டு சட்டை, ஒரு கைலி. ரெண்டு சட்டைக்கும் நடுவுல அந்தக் கல்லுப் பாலம் இருக்கிற படம்.

டின்னுல நாலு படம்தான் இருக்குங்கிறதை நான் பாக்கவே இல்ல. அத்தனை வருஷமா அந்த டின்னை நான் தொட்டதில்ல.

அவரு சொன்னாரு, படுக்கிற பாய்க்கு மேல தகரத்துல ஒட்டி வெச்சிருந்தானாம். யாராச்சும் கேட்டா எங்க ஊரும்பானாம். வெளையாட்டுக்கா சொன்னான்னு கேட்டேன். இல்ல, சிரிக்காமத்தான் சொல்வான்னாரு.

அவரு போன பெறகு அப்பாகிட்டக் கேட்டேன். அண்ணனுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்தானப்பா, என்னை ஏமாத்தத்தானே அதெல்லாம் சொன்னான்? எனக்கு அதைத் தெரிஞ்சுக்கணும். ஆமான்னு சொல்லிட்டாருன்னா, அவன் மேல கோவப்பட்டுக்கிட்டாச்சும் இருக்கலாம். அப்பா அந்தப் படத்தைத் தடவிக்கிட்டே சொன்னாரு.

"நீ வகுப்புலேர்ந்து அழுதுக்கிட்டு வந்த அன்னைக்கு, நான் வேலை விட்டு வரேன், அவன் கீழ படியில உக்காந்து அழுவுறான். அப்பா, அது நம்ம ஊரு இல்லியாமேங்கிறான். பதிமூணு வயசுப் பய. நீங்க வெளையாடுறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

அவனும் நம்பித்தான் இருந்திருக்கான். என்னைவிட அதிகமா நம்பியிருக்கான். சித்தப்பாவை, அத்தையை, கோயிலை, எல்லாத்தையும். நான் அடிச்சப்ப, எனக்கும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம். தங்கச்சி முன்னாடி முட்டாளா நிக்கிறதுக்குப் பொய்யனா நிக்கலாம்னு நெனச்சானோ, இல்ல எனக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும்னு நெனச்சானோ, தெரியல. அதை வெச்சு நான் பதிமூணு வருஷம் அவனைக் குத்தியிருக்கேன்.

அன்னைக்கு ஊலே கடையிலேர்ந்து மழை விட்டதும் கெளம்புனவ, நேரா சூலே பக்கம் போனேன். அந்த மூணாவது பொட்டிக்குள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, போனைக் காதுல வெச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்னு தோணுச்சு. அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் கொரலு கடைசியா வந்த எடம் அதானே.

போன் கடை இல்ல. பலகை, பொட்டி, செவுத்து நம்பரு எதுவும் இல்ல. வெள்ளையா சுண்ணாம்பு அடிச்சு, கண்ணாடி மாட்டி, பொம்பளைங்க அலங்காரச் சாமான் விக்கிறாங்க. வாசல்லேர்ந்து தப்படி போட்டுப் பாத்து, மூணாவது பொட்டி இருந்த எடம் இதுதான்னு நெயில் பாலிஷ் அலமாரிக்கு முன்னாடி போயி நின்னேன். கொஞ்ச நேரம் நின்னிருப்பேன் போல. கடைப் பொண்ணு பக்கத்துல வந்து, அக்கா என்ன வேணும்னு பர்மா பாஷையில கேட்டா. ஒண்ணும் வேண்டாம்மான்னு தமிழ்ல சொன்னேன். அவளுக்குப் புரியல. சிரிச்சுட்டு நகந்து வழி விட்டா.