கணக்கு வாத்தியாரின் மகனுக்குப் பல் பிடுங்கிய கதை

சென்ற கிழமை வெள்ளவத்தையில், புதுத் தொடர்மாடி ஒன்றின் கீழே இருக்கும் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். எல்லாம் பளபளவென்று மாறிவிட்டது, கிராம்பெண்ணெய் வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்துவிட்டது.

வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த புதிதில் கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் படாதபாடு படுத்தியது. வெள்ளவத்தையில் வைத்தியர்கள் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வைத்தியர் கெட்டிக்காரராக இருப்பதைவிட ஊர்க்காரராக இருப்பதுதான் முக்கியம். வீங்கிய கன்னத்தோடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் ஊர்ப் பல் வைத்தியரிடம் போனேன்.

ஊரைச் சொன்னதும் வைத்தியர் மலர்ந்துபோனார். ஊசியை என் வாய்க்குள் விட்ட பிறகுதான், "அப்ப நீர் கணக்கு வாத்தியாற்ற மகனோ?" என்று கேட்டார். என் அப்பா தபாற்கந்தோரில் வேலை செய்தவர். தலையை ஆட்டினால் ஊசி எங்கே ஏறுமோ என்ற பயத்தில் "ம்" என்றேன்.

"நினைச்சனான். அதே முகவெட்டு."

என் முகம் அன்றைக்கு ஒரு பக்கம் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

வாத்தியாரிடம் வாங்கிய அடிகளைச் சொல்லிச் சொல்லி அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்.

விறைப்பு இறங்கி, பழைய வலி சுகமாக இருப்பது தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஆனால் பொய் மகனான நான் எந்த முகத்தோடு குறை சொல்வது? மூன்றாம் நாள் போய், பக்கத்துப் பல்லும் நோகுது டொக்டர் என்றேன்.

"என்ன டொக்டர்? மாமா எண்டு சொல்லும்."

இந்த முறை சரியான பல். மாமி மேல்வீட்டிலிருந்து சவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்து, ஆறட்டும் என்று பக்கத்திலேயே நின்றார். கொழும்புக்கு வந்து ஆறு மாதத்தில் எனக்காக ஒருவரும் அப்படி நின்றதில்லை. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். வாய் நிறையப் பஞ்சு.

பிறகு ஒரு பல்லும் நோகாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்டேன். அவர்கள் கனடாவுக்குப் போன அன்று மாமா என்னைக் கட்டிப்பிடித்து, வாத்தியார் இருந்திருந்தால் உன்னைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பார் என்றார். நானும் அப்பாவை நினைத்து அழுதேன். எந்த அப்பாவை என்று இன்றுவரை தெரியாது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வாகனங்கள் நிறுத்துகிறார்கள்.

புது வைத்தியர் சின்னப் பெண். திரையில் என் பற்களைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டும் எங்க எடுத்தது அங்கிள்?" என்றார்.

"சொந்தக்காரர் ஒருத்தர் எடுத்தவர்," என்றேன்.

அவர் தலையசைத்தார். பிடுங்க வேண்டிய பல்லை இரண்டு தரம் சரிபார்த்து, நோகாமல் பிடுங்கி அனுப்பினார். நான் யாருடைய மகன் என்று கடைசிவரை கேட்கவில்லை.